ஊர்ப் பணத்துக்கு யார் கணக்கு எழுதுவது?

ஓர் ஊரார் கூடி ஒரு மூலநிதியை உண்டாக்குகிறார்கள். அதைத் தொடாமல், அதிலிருந்து வரும் வருவாயை மட்டும் ஆண்டுதோறும் அந்த ஊருக்கே செலவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டைச் 'சமுதாய அறக்கட்டளை' என்று தமிழில் சொன்னால், கேட்பவர் உடனே திருப்பிக் கேட்பது 'எந்தச் சமுதாயம்?' என்றுதான். அந்தச் சொல் நம் பேச்சில் சாதிக்கு மறைபெயராகிவிட்டது. 'ஊர் அறநிதி' என்று மாற்றிப் பார்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஊர் என்றால் சேரியும் அதில் அடங்குமா என்பது அதைவிடப் பழைய கேள்வி. பெயர் வைக்கும்போதே முளைக்கும் இந்தத் தகராறுதான், பணத்தைப் பங்கிடத் திட்டமிடும்போது முழு உருவத்தோடு எழுந்து நிற்கிறது.

புதுச்சேரி நகரின் வடபகுதியான முத்தியால்பேட்டையை மனத்தில் வைத்து இக்கேள்வியை ஆராயலாம். தறியும் துணி வாணிபமும் வளர்த்த பேட்டை அது. கிழக்கே கடலோரத்தில் சோலை நகர் போன்ற மீனவர் குடியிருப்புகள் இருக்கின்றன. இடையில் கோயில் தெருக்கள், கடைவீதி, வாடகைக் குடித்தனங்கள். இத்தகைய இடத்துக்கென்று ஒரு பொது நிதி இருந்தால், அது எதற்குக் கொடுக்க வேண்டும் என்பதை யார், எதை வைத்துத் தீர்மானிப்பது? இதுவரை சொல்லப்பட்ட விடைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: கொடுத்தவர் சொல்லே திட்டம் என்பது ஒன்று, கணக்கெடுத்துத் தெரிந்துகொள் என்பது மற்றொன்று, ஊரே சொல்லட்டும் என்பது மூன்றாவது.

சாவா மூவாப் பேராடு

முதல் விடைக்குத் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சான்றுகள் உள்ளன. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டன. ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குட்டி ஈன்று தன் எண்ணிக்கையைத் தானே காத்துக்கொள்ளும் என்பதால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. மூலநிதி என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான பெயர் எந்த மொழியிலாவது இருக்குமா என்பது ஐயமே. பொன்னாகக் கொடுத்தால் சபையார் அதை வாங்கிக்கொண்டு பொலிசை, அதாவது வட்டி, செலுத்தினார்கள். புதுச்சேரிப் பகுதியிலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. நிருபதுங்க பல்லவன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை அளித்ததைச் சொல்கிறது. 1048ஆம் ஆண்டைச் சேர்ந்த திருபுவனைக் கல்வெட்டு 260 மாணவர், 12 ஆசிரியர் கொண்ட கல்விச்சாலைக்கு விடப்பட்ட 72 வேலி நிலத்தைக் குறிக்கிறது. யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கல்லில் வெட்டியாயிற்று. பின்னால் வருபவர் யோசிக்க வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை.

குறையும் அங்கேதான் இருக்கிறது. கல்லில் வெட்டிய அளவு மாறாது. ஊரின் தேவை மாறும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்நகரில் தவித்து நிற்கும் ஏழைப் பயணிகளுக்கென்று தன் சொத்தில் மூன்றிலொரு பங்கை எழுதிவைத்து 1851இல் இறந்தார். ரயில் வந்தபின் அப்படித் தவித்து நிற்போர் அருகினர். பணம் குவிந்து கிடந்தது. இறந்தவரின் கை இருப்பவரின் கையைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற கண்டனத்தை இங்கிலாந்தில் ஆர்தர் ஹாப்ஹவுஸ் 1880இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

ஆயினும் கொடுத்தவர் சொல்லை வெறும் பிடிவாதம் என்று தள்ளுவது அவசரம். பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். அவருடைய உயில் கோயில் கட்டளைகளையும் தருமங்களையும் முன்னிட்டே எழுதப்பட்டது. சொத்து பல பத்தாண்டுகள் வழக்கில் சிக்கி, அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின், மிஞ்சிய தொகை கல்விக்குத் திருப்பப்பட்டு, 1842இல்தான் பள்ளி பிறந்தது. கொடுத்தவர் நினைத்ததிலிருந்து பணம் விலகிப் போனதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் நீதிமன்றம் தலையிட முடிந்ததே உயில் என்று ஒன்று இருந்ததால்தான். எழுதிவைத்த சொல் இல்லாத பணத்தை வைத்திருப்பவரிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. கொடுப்பவர் சொல் ஊரின் தேவைக்கு நல்ல வழிகாட்டி அன்று. பணத்துக்கு அது நல்ல பூட்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே முதல் விடையின் பலவீனம் என்று தோன்றுகிறது.

கணக்கெடுப்பை நம்பியவர்கள்

இரண்டாம் விடை 1914இல் கிளீவ்லாந்தில் பிறந்தது. வங்கித் தலைவரான ஃபிரெடரிக் காஃப், சிறிதும் பெரிதுமான கொடைகளை ஒரே நிதியில் சேர்த்து, நோக்கம் காலாவதியானால் மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தை ஊர்ப் பெரியவர்கள் கொண்ட ஒரு குழுவிடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே சிகாகோவும் பாஸ்டனும் பின்பற்றின. இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. கிளீவ்லாந்து நிதியிடம் தொடக்கத்தில் கொடுக்கப் பணம் அதிகம் இல்லை. ஆகவே அது கணக்கெடுத்தது. நகரின் பள்ளிகளைப் பற்றி 1915–16இலும், குற்ற நீதி நடைமுறையைப் பற்றி 1920களின் தொடக்கத்திலும் வெளிவந்த ஆய்வுகள் அந்நகரின் பேச்சையே மாற்றின. கொடை கொடுப்பதற்கு முன் தகவல் கொடுத்த நிதி அது. டொரான்டோவில் 2001இல் தொடங்கி, கனடாவின் பிற நகரங்களுக்கும் பரவிய ஆண்டறிக்கை முறை இதன் பேரப்பிள்ளை: வீடு, கல்வி, உடல்நலம், வேலை ஆகியவற்றில் ஊர் எப்படி இருக்கிறது என்று அளந்து சொல்லிவிட்டு, அதை வைத்துக் கொடையைத் திட்டமிடுவது.

இம்முறையின் வலு வெளிப்படை. கையில் மனுவோடு வருபவருக்கு மட்டும் கொடுப்பது, வரத் தெரியாதவரைத் தண்டிப்பதாகும். கணக்கெடுப்பு அந்த அநீதியை ஓரளவு குறைக்கிறது. ஆனால் முத்தியால்பேட்டைக்கு அதைக் கொண்டுவரும்போது முதல் தடை புள்ளிவிவரத்திலேயே நிற்கிறது. கடைசி மக்கள்தொகைக் கணக்கு 2011இல் எடுத்தது. அடுத்தது 2027க்கு அறிவிக்கப்பட்டுள்ளது. தேசியக் குடும்ப நல ஆய்வு மாவட்ட அளவோடு நின்றுவிடுகிறது. வார்டு அளவில், அதுவும் தெரு அளவில், எத்தனை வாடகைக் குடும்பம், எத்தனை தறி இன்னும் ஓடுகிறது, எத்தனை முதியவர் தனியே இருக்கிறார்கள் என்பதை வேறு எங்கிருந்தும் எடுக்க முடியாது. நிதியே எடுக்க வேண்டும். சின்ன நிதிக்கு அந்தச் செலவு கொடையைவிடப் பெரிதாகிவிடும் என்ற எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. எண்ணத் தக்கவற்றையே எண்ணுவது என்ற பழைய குறையும் உண்டு. பள்ளியை விட்ட பிள்ளைகளை எண்ணலாம். மாலையில் உட்கார ஓர் இடமில்லாத கிழவிகளை எந்தப் படிவமும் எண்ணுவதில்லை.

இந்தியாவில் இந்த மாதிரியை முதலில் நட்டவற்றுள் ஒன்று 1991இல் மும்பையில் தொடங்கிய பாம்பே சமுதாயப் பொது அறக்கட்டளை. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், ஊரையே எல்லையாகக் கொண்ட இத்தகைய நிதிகள் நம் நகரங்களில் பெருகவில்லை. கொடுக்கும் மனம் இல்லாததால் என்று சொல்ல முடியாது. கோயில் திருப்பணியையும் சாதிச் சங்கக் கல்லூரிகளையும் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். கொடுப்பவர் தன்னை எந்த வட்டத்துக்கு உரியவராக நினைக்கிறார் என்பதில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

ஊரே சொல்லட்டும் என்பவர்கள்

மூன்றாம் விடை இந்த இடத்தில் நுழைகிறது. தேவை என்ன என்பதை அங்கே வாழ்பவர்களே அறிவார்கள். நிபுணர் வேண்டாம், ஊர்க் கூட்டம் போதும். கேட்க இனிமையான இந்த விடையின் வரலாறு அவ்வளவு இனிமையானதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகக் கொண்டாடுகிறோம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ப் பணியைப் பிரித்துக்கொண்டதும், கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் தேர்தலிலிருந்து விலக்கியதும் இன்றைய அறக்கட்டளைகள் பல எட்டாத ஒழுங்கு. அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர்களையே குடத்தில் பெயரிடச் சொல்கிறது. ஊர் பேசியது, உழுதவர் அந்த ஊரில் இல்லை.

அதே பலமும் அதே பலவீனமும் நமக்கு நெருங்கிய காலத்தில் மகமையில் தெரிகின்றன. விருதுநகர், சிவகாசி நாடார் உறவின்முறைகள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தன. விருதுநகரில் 1885இல் சத்திரிய வித்தியாசாலையை அந்த நிதி எழுப்பியது. வீடுதோறும் வாங்கிய பிடியரிசியும் அதைத் தாங்கியது. பெரிய மூலநிதி ஏதும் தேவைப்படவில்லை. வியாபாரம் நடக்கும் வரை பணம் வந்துகொண்டிருக்கும். கொடுத்தவர் ஒவ்வொருவரும் தினமும் கொடுப்பதால் தினமும் கணக்குக் கேட்கும் உரிமையும் பெற்றார். ஒடுக்கப்பட்ட மக்கள் அரசை எதிர்பாராமல் எழுந்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று தமிழ்நாட்டில் அரிது. ஆனால் திட்டம் எளிதாக இருந்ததற்குக் காரணம், 'நாம் யார்' என்பது பிறப்பிலேயே முடிவாகியிருந்ததுதான்.

பிறப்பால் முடிவாகாத ஊரில் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பின் சோழமண்டலக் கரை முழுவதும் பார்த்தது. ஆழிப்பேரலைக்குப் பின் வந்த உதவி பெரும்பாலும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியாகப் பங்கிடப்பட்டது. விரைவாக நடந்தது, சண்டை குறைந்தது, வெளியாட்கள் தலையிடாமல் ஊர் தன் மதிப்பைக் காத்துக்கொண்டது. ஆனால் ஊர்ப் பங்கு தலைக்கட்டு வரி செலுத்தும் ஆண்களின் பட்டியலை ஒட்டியே அமைந்தது. கணவனை இழந்த பெண்கள் நடத்தும் குடும்பங்கள், மீன்பிடித் தொழிலைச் சார்ந்திருந்த தலித்துகள், கழிமுகங்களில் பிடித்து வாழ்ந்த இருளர் ஆகியோர் பல இடங்களில் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றதை அப்போதைய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிவுசெய்தன. மறுபுறம் கொடுப்பவர்களுக்குப் படகு பிடித்திருந்தது. படம் எடுத்தால் நன்றாக இருக்கும், பெயர் எழுத இடமும் உண்டு. பல ஊர்களில் அலைக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் வந்து சேர்ந்தன. கொடுப்பவர் விருப்பமும் ஊர்ப் பஞ்சாயத்தின் பட்டியலும் ஒன்றோடொன்று ஒத்துப்போன இடத்தில்தான் தவறு மிகப் பெரிதாயிற்று என்பது கவனிக்கத் தக்கது. இரண்டும் முரண்பட்டிருந்தால் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்டிருப்பார்.

கேரளம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் இதற்கு ஒரு மாற்றாகக் காட்டப்படுகிறது. மாநிலத் திட்டச் செலவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போயிற்று. கிராம சபைகள் தேவையைப் பட்டியலிட்டன. ஆனால் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருந்தது. பிரெஞ்சு ஆட்சி 1880லேயே நகராட்சிகளை அமைத்த புதுச்சேரியில், 1968க்குப் பின் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் மீண்டும் நீண்ட வெறுமை. முத்தியால்பேட்டைக்குச் சட்டமன்ற உறுப்பினர் உண்டு. தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும் பதில் சொல்லும் வார்டு உறுப்பினர் பல ஆண்டுகளாக இல்லை. 'ஊரே சொல்லட்டும்' என்றால் எந்த வாயால் என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகிறது.

வேலியாகும் சட்டம்

மூன்று விடைகளில் எதைத் தேர்ந்தாலும் இந்தியச் சட்டம் திட்டத்தின் பாதியை முன்கூட்டியே எழுதிவிடுகிறது. குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தவருக்கோ மட்டும் என 1962க்குப் பின் தொடங்கிய பொது அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கு மட்டும் இதில் விதிவிலக்கு. ஊர் எல்லையைத் தேர்வதற்கு இது ஒரு மறைமுக ஊக்கம். கம்பெனிகளின் இரண்டு சதவீதச் சமூகப் பொறுப்புச் செலவில் தொழில் நடக்கும் உள்ளூருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வரம்புக்குள் வரும் பெரிய கம்பெனிகள் பேட்டைகளில் இருப்பதில்லை.

புதுச்சேரிக்கே உரிய முடிச்சு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்கள் இந்நகரில் இன்றும் இருக்கின்றன. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் இதே தெருக்களில் வாழ்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டுக் குடிமகன் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை. அவர் அடுத்த வீட்டிலேயே குடியிருந்தாலும், அதே ரேஷன் கடைத் தெருவில் பிறந்தவராக இருந்தாலும், அதில் மாற்றமில்லை. 2020இல் வந்த திருத்தம் அத்தகைய நன்கொடையைப் பெற்றவர் வேறோர் அமைப்புக்கு மாற்றுவதைத் தடுத்துவிட்டது. பிறரிடம் பங்கிட்டுக் கொடுப்பதே தொழிலாக உள்ள ஊர் நிதிக்கு இது வாசலை மூடியது போல. ஊரார் யார் என்ற கேள்விக்குத் தெரு ஒரு விடை தருகிறது, சட்டம் வேறொன்று தருகிறது.

ஒரு பேட்டையின் அளவில்

இனி என் மதிப்பீடு. கிளீவ்லாந்து மாதிரியின் அடித்தளம் அழியா மூலநிதி. அந்த அடித்தளம் இங்கே பொருந்துமா என்பதை ஒரு சிறு கணக்கால் சோதிக்கலாம். ஒரு கோடி ரூபாய் மூலநிதி, ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏழு லட்சம். வரி விலக்கு வேண்டுமானால் வருவாயில் 85 சதவீதம் செலவாக வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சில ஆண்டுகள் சேர்த்துவைக்க இடமுண்டே தவிர, நிரந்தரமாக அல்ல. தடையின்றி மூலநிதியோடு சேர்க்கக்கூடியது மீதி 15 சதவீதமான ஒரு லட்சத்து ஐயாயிரம், அதாவது மூலநிதியில் ஏறக்குறைய ஒரு சதவீதம். விலைவாசி ஆண்டுக்கு நான்கு, ஐந்து சதவீதம் ஏறினால் நிதியின் உண்மை மதிப்பு தேய்ந்துகொண்டே போகும். இந்த மேய்ச்சலில் சாவா மூவாப் பேராடும் மூத்துச் சாகும். புதிய கொடை தொடர்ந்து வந்தால்தான் நிதி நிற்கும். ஆகவே இங்கே ஊர் நிதி என்பது குளத்தைவிட வாய்க்காலை ஒத்ததாகவே இருக்க முடியும். மகமை அதைத்தான் செய்தது. மகமையின் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் எல்லையை விட்டுவிடுவது, உறவின்முறைப் பட்டியலின் இடத்தில் கதவிலக்கத்தை வைப்பது, இதுவே திட்டமிடலின் முதல் முடிவாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். தேவைகளைப் பட்டியலிடுவது அதற்குப் பிறகே வரும்.

இதற்கு மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கலாம். பணம் கடைவீதியிலிருந்து வந்தால் கடைக்காரர் சொல்லே செல்லும் என்பது முதலாவது. ஓரளவு உண்மை; ஆனால் பிடியரிசியின் பாடம் இங்கே உதவும். அரிசியின் அளவு சிறிது; அது கொடுத்த உரிமை பெரிது. பெறக்கூடிய குடும்பங்களும் ஏதோ ஒன்றைக் கொடுக்கும் வகையில் அமைந்தால் கணக்குக் கேட்கும் கூட்டம் விரியும். அப்படியும் கொடுக்கவே இயலாத குடும்பம் உண்டு என்பதால், கணக்கெடுப்பு முறையை அவர்களுக்காக மட்டும், ஆண்டுக்கொரு தெரு என்று சிறிய அளவில் நடத்துவது செலவுக்குள் அடங்கும்.

அரசு செய்ய வேண்டியதை ஊர் செய்தால் அரசு ஒதுங்கிக்கொள்ளும் என்பது இரண்டாவது. ஏழு லட்சத்தில் வாய்க்கால் கட்ட முடியாது என்பதால் இந்த அபாயம் தொகையளவில் சிறியது. அதைவிடப் பெரிய அபாயம் வேறு: வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் நிதியின் குழு, யாரும் வாக்களிக்காத நிழல் நகராட்சியாகிவிடலாம். கொடுத்தவற்றின் பட்டியலோடு மறுத்தவற்றின் பட்டியலையும், காரணத்தோடு, பேர் சொல்லாமல் வெளியிடுவது ஒரு தடுப்பு. மறுக்கப்பட்டவற்றுள் எவை அரசின் கடமை என்பது அதிலிருந்தே தெரியும். நம் அறக்கட்டளைகளின் ஆண்டு மலர்களில் கொடுத்த காசோலையின் படம் உண்டு. கொடுக்காததற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

மூன்றாவது மறுப்பே மனத்தைத் தொடுவது. திட்டமிட்ட கொடை உயிரற்றது என்பார்கள். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது அவருக்குத் துணைநின்றவர்களுள் முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாரும் ஒருவர். பாரதியின் 'குயில் பாட்டு'க்குக் களமான குயில் தோப்பு அவருடையது. எந்தக் குழுவும் மனு வாங்கி, மதிப்பெண் இட்டு, வழக்கில் சிக்கிய ஒரு கவிஞனுக்குத் தோப்பைத் திறந்துவிட்டிருக்காது. இதற்கு முழு விடை இல்லை என்றே தோன்றுகிறது. பெயரிடாத ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கிவைப்பது பாதி விடையாகலாம். அதற்குக் கவிதையல்லாத காரணமும் உண்டு. ஆழிப்பேரலை டிசம்பர் 26இல் வந்தது. தானே புயல் 2011 டிசம்பர் 30இல். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30இல். ஏப்ரலில் தொடங்கி ஐப்பசிக்குள் எல்லாவற்றையும் கொடுத்து முடிக்கும் நிதி, இந்தக் கரையில் வெறுங்கையோடுதான் கார்த்திகையைச் சந்திக்கும். பெயரிடாத பங்கு எவ்வளவு என்பதில் ஒத்த கருத்து இருக்க முடியாது. அது பெருகப் பெருக, பூட்டில்லாத பணமாகும் ஆபத்தும் பெருகும்.

தீராமல் நிற்பவை

கதவிலக்கத்தை எல்லையாகக் கொள்வதும் சிக்கலற்றதன்று. பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் நிதியின் இரண்டாம் ஆண்டில் வேறு பேட்டையில் இருப்பார். அவருடைய மகளுக்குத் தந்துவந்த படிப்புதவி அவளோடு போகுமா, அந்த வீட்டோடு நிற்குமா? வேறு மாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலையில் தங்கியிருப்பவருக்குக் கதவிலக்கமே இல்லை. முத்தியால்பேட்டையில் பிறந்து பாரிஸில் இருப்பவர் தன்னை இந்த ஊரார் என்கிறார். சட்டம் அவரை வெளியார் என்கிறது. ஊரோடு ஒருவருக்குள்ள தொடர்பைப் பிறப்பால் அளப்பதா, இருப்பால் அளப்பதா, தங்கிய காலத்தால் அளப்பதா என்பதில் உலகில் உள்ள ஊர் நிதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடக்கின்றன. எதற்கும் வலுவான காரணம் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை. காலாவதியான கொடைக்கு எடுத்துக்காட்டாக முல்லன்ஃபியின் உயிலை நூறாண்டுக்கும் மேலாகக் கேலி பேசிவருகிறார்கள். வழியில் தவித்து நிற்கும் பயணிக்கென்று எழுதிய அந்தப் பணத்தை, வாடகைக்கு வந்து வாடகைக்கே போகிறவர்கள் நிறைந்த இன்றைய பேட்டையில் வைத்துப் பார்த்தால், அது உண்மையில் காலாவதியானதுதானா என்று சொல்வது கடினம்.